பத்து வோல்ட்டுக்குள் நானோமீட்டர்: துல்லிய இயக்கத்துக்கு அனலாக் வெளியீடு அமைக்கும் முறை

துல்லிய இயக்கத்துக்கான அனலாக் வெளியீட்டைப் பற்றி யார் பேச வந்தாலும் முதல் கேள்வி ஒன்றாகத்தான் இருக்கும்: "எத்தனை பிட் டிஏசி போடலாம்? 16 போதுமா, 20 வேண்டுமா?" டிஏசி என்பது எண்ணை வோல்ட்டேஜாக மாற்றும் சிப்; பிட் கூடக் கூட அதன் படி சிறிதாகும். நான் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை. திருப்பி ஒன்று கேட்பேன். அந்த டிஏசி கட்டுப்பாட்டு லூப்புக்கு உள்ளே உட்காரப் போகிறதா, வெளியேவா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். தெரியாமல் 20 பிட் சிப்பை வாங்கிப் பலகையில் ஒட்டினால் மேலே உள்ள பிட்கள் வேலை செய்யும். கீழே உள்ளவை கிரவுண்டில் ஓடும் குப்பைக்குள் காணாமல் போகும்.

உள்ளே என்றால் இப்படி: உங்கள் கன்ட்ரோலரே என்கோடரையோ கெப்பாசிட்டிவ் சென்சாரையோ படிக்கிறது, பிழையைக் கணக்கிடுகிறது, டிஏசி வழியாக ஆம்ப்ளிஃபயரைத் தள்ளுகிறது. டிஏசி 10 மில்லிவோல்ட் தப்பாகக் கொடுத்தாலும் சென்சார் அதைப் பார்த்துவிடும், பிழையைக் கூட்டிக்கொண்டே வரும் இன்டக்ரேட்டர் சரிசெய்துவிடும். நேர்கோட்டிலிருந்து விலகல், ஆஃப்செட், வெப்பத்தால் வரும் நகர்வு எல்லாமே இங்கே மன்னிக்கப்படும். மன்னிக்கப்படாதவை மூன்று: படியின் அளவு, இரைச்சல், எண்ணைக் கூட்டும்போது வோல்ட்டேஜ் குறைவது. கடைசியானது ரொம்ப மோசம். அந்த ஒரு புள்ளியில் லூப்பின் திசையே தலைகீழாகிவிடும். ஸ்டேஜ் (நகரும் மேடை) அங்கேயே நின்று ஆடும்.

வெளியே என்றால், பீசோ (வோல்ட்டேஜ் கொடுத்தால் நீளும் பீங்கான்) ஆம்ப்ளிஃபயருக்குள் சொந்தமாக ஒரு லூப் இருக்கிறது. "இத்தனை மைக்ரோமீட்டரில் நில்" என்று வோல்ட்டேஜில் சொல்வது மட்டுமே உங்கள் வேலை. அந்த லூப் நீங்கள் கொடுக்கும் வோல்ட்டேஜை அப்படியே நம்பும். அது தப்பென்றால் தப்பான இடத்தில் மிகத் துல்லியமாக நிற்கும். இங்கே நேர்கோட்டுப் பிழை, ரெஃபரன்ஸின் (டிஏசி அளவுகோலாக எடுக்கும் நிலையான வோல்ட்டேஜ்) நகர்வு, கேபிளில் விழும் வோல்ட்டேஜ் என ஒவ்வொரு மைக்ரோவோல்ட்டும் நிலைப்பிழையாக மாறும்.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு: சென்சாரே இல்லாமல் பீசோவை நேராக ஓட்டுவது. அதற்கு 20 பிட் தேவையே இல்லை. பீசோவின் ஹிஸ்டெரிசிஸ் (ஏறும்போதும் இறங்கும்போதும் வெவ்வேறு இடத்தில் நிற்பது) மட்டுமே 10 முதல் 15 சதவீதம் வரும். அதற்கு மேல், கட்டளை நின்ற பிறகும் மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். அதிர்வையோ ஒப்பீட்டளவிலான சிறு நகர்வையோ மட்டும் பார்க்கிறீர்கள் என்றால் சரி, இல்லாவிட்டால் டிஏசிக்கு ஆகும் செலவை முதலில் சென்சாருக்குத் திருப்பிவிடுங்கள்.

வோல்ட்டை மறந்து நீளத்தில் யோசியுங்கள்

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொள்கிறேன். 100 மைக்ரோமீட்டர் ஓடும் பீசோ ஸ்டேஜ், 0 முதல் 10 வோல்ட் கட்டளை. அப்படியானால் 1 மில்லிவோல்ட் 10 நானோமீட்டர். 1 மைக்ரோவோல்ட் 10 பிக்கோமீட்டர். இந்த இரண்டு எண்களை மேசைக்கு மேலே எழுதி ஒட்டிவிடுங்கள். இதற்குப் பிறகு எந்த டேட்டாஷீட்டில் எந்த எண்ணைப் பார்த்தாலும் உடனே நீளமாக மாற்றிப் பார்க்கலாம். "இரைச்சல் 50 மைக்ரோவோல்ட்" என்பது காதுக்குச் சின்னதாகக் கேட்கும். "அரை நானோமீட்டர்" என்றால் முகம் மாறும்.

10 வோல்ட் அகலத்தில் 12 பிட் டிஏசியின் ஒரு படி 2.44 மில்லிவோல்ட், அதாவது 24 நானோமீட்டர். 16 பிட்டில் 153 மைக்ரோவோல்ட், 1.5 நானோமீட்டர். 18 பிட்டில் 38 மைக்ரோவோல்ட். 20 பிட்டில் 9.5 மைக்ரோவோல்ட், 0.095 நானோமீட்டர். உங்களுக்கு வேண்டிய நிலைத் துல்லியத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் படி இருக்கக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல். லூப்புக்குள் இருந்தால் பத்தில் ஒரு பங்கு. அப்போதுதான் இன்டக்ரேட்டர் இரண்டு எண்களுக்கு நடுவே அல்லாடாது.

இலவசமாகக் கிடைக்கும் பிட்கள்

சிப் மாற்றுவதற்கு முன்னால் இருக்கிற படிகளை வீணாக்காமல் இருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான கன்ட்ரோலர் பலகைகள் ±10 வோல்ட்டுக்கு அமைத்துத்தான் வரும். பீசோ ஆம்ப்ளிஃபயர் 0 முதல் 10 வரைதான் வாங்கும். பாதி எண்கள் அப்படியே வீண். 16 பிட்டில் படி 305 மைக்ரோவோல்ட், 3 நானோமீட்டர். டிஏசியின் வரம்பை 0–10க்கு மாற்றினாலே ஒரு பிட் கையில் வந்துவிட்டது.

அடுத்து, 100 மைக்ரோமீட்டர் ஓட்டம் நிஜமாகவே தேவையா? பல கருவிகளில் ஸ்டேஜ் நடுவில் எங்கோ நிற்கும். அதைச் சுற்றி 10 மைக்ரோமீட்டர்தான் ஸ்கேன் ஆகும். அப்படியானால் நடு நிலைக்கு ஒரு நிலையான பயஸ் வோல்ட்டேஜ் கொடுத்துவிட்டு, டிஏசியின் வெளியீட்டைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து அதனுடன் கூட்டுங்கள். சாதாரண 16 பிட் சிப்பிலேயே 0.15 நானோமீட்டர் படி கிடைக்கும். குறைக்கும் ரெசிஸ்டர்களை டிஏசி பக்கத்தில் வைக்காதீர்கள், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வையுங்கள். கேபிளில் ஏறுகிற இரைச்சலும் அப்போது பத்தில் ஒன்றாகக் குறையும். இடத்தை மாற்றினால் மட்டும் வருகிற லாபம் இது.

சர்வோ டிரைவிலும் இதே கதைதான். வேகக் கட்டளை முறையில் 10 வோல்ட்டுக்கு 3000 ஆர்பிஎம் என்று அமைத்திருக்கிறார்கள், 5 மில்லிமீட்டர் பிட்ச் பால் ஸ்க்ரூ என்று வைத்துக்கொள்வோம். ±10 வோல்ட், 16 பிட். ஒரே ஒரு படி மாறினால் 0.09 ஆர்பிஎம், மேசை நொடிக்கு 7.6 மைக்ரோமீட்டர் நகரும். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் நடுங்குவது பல நேரம் இதனால்தான்; ட்யூனிங்கைக் குறைசொல்லிப் பயனில்லை. உங்கள் வேலை 300 ஆர்பிஎம்முக்கு மேல் போகாது என்றால் டிரைவ் பாராமீட்டரில் 10 வோல்ட் என்பது 300 ஆர்பிஎம் என மாற்றுங்கள். ஒரு படி நொடிக்கு 0.76 மைக்ரோமீட்டராகக் குறைந்துவிடும். பத்து மடங்கு லாபம், செலவு பூஜ்யம். லூப்பின் கெயினைப் பத்து மடங்கு ஏற்ற மட்டும் மறக்கக் கூடாது.

மென்பொருளிலும் ஓர் ஓட்டை இருக்கும். கணக்கெல்லாம் டபுளில் (அதிக இலக்கத் தசம எண்ணில்) ஓடும், கடைசியில் டிஏசிக்கு எண்ணை அனுப்பும் ஏபிஐ அதை 16 பிட் முழு எண்ணாக வெட்டி அனுப்பும். 20 பிட் சிப்புக்கு முன்னால் இப்படி ஒரு டிரைவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். முழு எண்ணாக்கும்போது வெட்டாதீர்கள், அருகிலுள்ள எண்ணுக்கு மாற்றுங்கள். மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் அடுத்த சாம்பிளில் சேருங்கள். ஒரு வரி நிரல்தான்.

ஓடும்போது பிட் முக்கியமில்லை

ஸ்டேஜ் நிற்கும்போது பிட் எண்ணிக்கை பேசும். ஓடத் தொடங்கியதும் பேசுவது அப்டேட் வேகம். நொடிக்கு 10 மைக்ரோமீட்டர் வேகத்தில் ஸ்கேன் செய்கிறீர்கள், டிஏசிக்கு மில்லிசெகண்டுக்கு ஒருமுறை புதிய எண் போகிறது. ஒவ்வொரு முறையும் கட்டளை 10 நானோமீட்டர் தாவுகிறது. 16 பிட் போட்டாலும் 24 பிட் போட்டாலும் தாவல் 10 நானோமீட்டர்தான். அந்தத் தாவல் ஸ்டேஜின் இயல்பு அதிர்வெண்ணைத் தட்டி எழுப்பும். ஸ்கேன் செய்த படத்தில் அது வரிவரியாகத் தெரியும். வரிகளைப் பார்த்துவிட்டு உடனே பெரிய டிஏசியைத் தேடுபவர்கள் நிறைய.

இதற்கு மருந்து நடுவில் புள்ளிகளை நிரப்புவது. 1 கிலோஹெர்ட்ஸில் வரும் இரண்டு இலக்குகளுக்கு நடுவே எஃப்பிஜிஏவில் (நிரல்படுத்தக்கூடிய லாஜிக் சிப்) நேர்கோட்டில் 100 புள்ளிகள் போடுங்கள். இப்போது அப்டேட் 100 கிலோஹெர்ட்ஸ், தாவல் 0.1 நானோமீட்டர். 20 பிட்டின் ஒரு படிக்குக் கிட்டத்தட்ட சமம், இப்போதுதான் அந்த 20 பிட்டுக்கு அர்த்தம் வருகிறது. இப்படி நிரப்பினால் ஒரு மில்லிசெகண்ட் தாமதம் சேரும். முன்கூட்டியே தெரிந்த பாதையில் அது ஒரு பொருட்டில்லை. லூப்புக்கு உள்ளே என்றால் இந்த வழி கூடாது. லூப்பையே வேகமாக ஓட்டத்தான் வேண்டும்.

சிப்பைத் தேர்ந்தெடுப்பது

20 பிட் வரிசையில் பலருக்கும் தெரிந்தது அனலாக் டிவைசஸின் ஏடி5791. நேர்கோட்டுப் பிழை பத்து லட்சத்தில் ஒரு பங்கு, இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்கு 7.5 நானோவோல்ட். அதன் வெளியீட்டு மின்தடை 3.4 கிலோஓம். ஒரு 3.4 கிலோஓம் ரெசிஸ்டர் அறை வெப்பத்தில் சும்மா இருந்தாலே தரும் இரைச்சலும் இதே 7.5தான். அதாவது சிப் தன் பங்குக்கு எதையும் சேர்க்கவில்லை, இயற்பியல் கேட்பதை மட்டும் கொடுக்கிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஏசி11001ஏ இதே தரத்தில் இன்னொன்று. 18 பிட் போதுமென்றால் ஏடி5781.

லூப்புக்கு உள்ளே வைக்கப் போகிறீர்கள், செலவைக் குறைக்க வேண்டும் என்றால் நான் போவது வேறு வழி: ஏடி5541ஏ, டிஏசி8831 மாதிரி நல்ல 16 பிட் சிப், அதற்கு முன்னால் எஃப்பிஜிஏவில் முதல் நிலை சிக்மா-டெல்டா. வேண்டிய மதிப்பு இரண்டு எண்களுக்கு நடுவே இருந்தால், அந்த இரண்டுக்கும் நடுவே வேகமாக மாறி மாறிப் போய் சராசரியில் அந்த மதிப்பைக் கொண்டுவருவதுதான் உத்தி. அப்டேட்டை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் கணக்குப்படி 1.5 பிட் கூடும். 250 கிலோஹெர்ட்ஸில் அப்டேட், 1 கிலோஹெர்ட்ஸ் பட்டை என்றால் தாளில் 10 பிட் கூடுதலாகத் தெரியும். அதை நம்பாதீர்கள். 3 அல்லது 4 பிட் நிச்சயம் கிடைக்கும், அதற்கு மேல் வருவது போனஸ். சிப்பின் நேர்கோட்டுப் பிழை துளிகூடக் குறையாது என்பதையும் மறக்க வேண்டாம். அதனால்தான் லூப்புக்கு உள்ளே மட்டும் என்கிறேன்.

இந்த வழியில் ஒரு பொறி உண்டு. ஸ்டேஜ் அசையாமல் நிற்கிறது, வேண்டிய மதிப்பு ஓர் எண்ணுக்கு மேல் 256-ல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடுலேட்டர் 256 அப்டேட்டுக்கு ஒருமுறை ஒரு துடிப்பு கொடுக்கும். 250 கிலோஹெர்ட்ஸை 256-ஆல் வகுத்தால் 977 ஹெர்ட்ஸ். ஸ்டேஜின் அதிர்வெண் அதற்குப் பக்கத்தில் இருந்தால் மணி அடித்த மாதிரி பாடும். இன்னும் சின்ன பங்கு என்றால் துடிப்பு இன்னும் கீழே, ஃபில்டருக்குக் கீழேயே வந்து விழும். உள்ளீட்டில் ஒரு படி அளவுக்குப் போலித் தற்செயல் எண்ணைச் சேர்த்துவிட்டால் இந்தத் தனிச் சுருதி உடைந்து பரவலான மெல்லிய இரைச்சலாகிவிடும். லேசாக இரைச்சல் கூடும், பரவாயில்லை.

இரண்டு 16 பிட் டிஏசிகளை வைத்து ஒன்றைப் பெரிய படிகளுக்கும் இன்னொன்றை 256-ல் ஒன்றாகக் குறைத்து நுண்ணிய படிகளுக்கும் வைத்துக் கூட்டுவது பழைய வழி. பெரிய டிஏசி ஒரு படி மாறும் இடத்தில் அதன் பிழை அப்படியே தாவலாக வெளியே வரும். பெரியதை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, நுண்ணியதை மட்டும் வைத்து லூப்பை ஓட்ட முடிகிற வேலைகளுக்கு நன்றாக இருக்கும். பிடபிள்யூஎம்மை (துடிப்பின் அகலத்தை மாற்றும் முறை) ஃபில்டர் செய்வதைப் பற்றிக் கேட்பார்கள். 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 16 பிட் பிடபிள்யூஎம் ஓடுவது 1.5 கிலோஹெர்ட்ஸில், அந்த அலையை அடக்குகிற ஃபில்டர் லூப்பையும் சேர்த்து அடக்கிவிடும். வெப்பக் கட்டுப்பாட்டுக்குப் போதும், இயக்கத்துக்கு வேண்டாம்.

ரெஃபரன்ஸும் வெப்பமும்

டிஏசி செய்வதெல்லாம் ரெஃபரன்ஸைப் பங்கு போடுவதுதான். எல்டிசி6655 ரெஃபரன்ஸ் சிப்பின் இரைச்சல் 0.1 முதல் 10 ஹெர்ட்ஸ் வரை உச்சத்திலிருந்து உச்சத்துக்குப் பத்து லட்சத்தில் 0.25 பங்கு. 10 வோல்ட்டில் 2.5 மைக்ரோவோல்ட், நீளத்தில் 25 பிக்கோமீட்டர். வெப்ப நகர்வு அதிகபட்சம் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 2 பங்கு, முழு அளவில் 20 மைக்ரோவோல்ட், 0.2 நானோமீட்டர். தனக்குள்ளேயே ஹீட்டர் வைத்திருக்கும் எல்டிஇசட்1000 இதைவிட நாற்பது மடங்கு நிலையானது. ஆனால் அதைச் சுற்றி ஒரு சர்க்யூட் கட்ட வேண்டும், பலகையில் பள்ளம் வெட்ட வேண்டும், மின்சாரம் தின்னும்.

எல்டிஇசட்1000 வாங்கும் ஆசை வந்தால் முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். அலுமினியம் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். ஸ்டேஜைத் தாங்கும் அலுமினியத் துண்டு 100 மில்லிமீட்டர் என்றால் ஒரு டிகிரிக்கு 2300 நானோமீட்டர். ரெஃபரன்ஸின் 0.2 நானோமீட்டர் அதன் பக்கத்தில் எங்கே நிற்கும்? சட்டத்தை மிகக் குறைவாக விரியும் இன்வாரில் செய்தாலும் 100 நானோமீட்டருக்கு மேல் வரும். இயக்கக் கருவியில் எல்டிசி6655 தோற்கும் நிலைமை வருவதற்குள் இரும்பும் அலுமினியமும் எப்போதோ தோற்றிருக்கும்.

ரெஃபரன்ஸுக்கும் டிஏசிக்கும் நடுவே பஃபர் (வோல்ட்டேஜை மாற்றாமல் கரன்ட் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர்) கட்டாயம். ஏடி5791-இல் ரெஃபரன்ஸுக்கு இரண்டு இரண்டு கால்கள் இருக்கும்: ஒன்று கரன்ட் தள்ள, ஒன்று வோல்ட்டேஜைப் பார்க்க. இரண்டையும் சிப்பின் காலடியில்தான் சேர்க்க வேண்டும். எண் மாறும்போது ரெஃபரன்ஸ் இழுக்கும் கரன்ட்டும் மாறும். பாதையின் மின்தடை அதை நேர்கோட்டுப் பிழையாக்கும். இந்தச் சிப்புக்குத் துணையாக ரெஃபரன்ஸ் பஃபருக்கு ஏடி8676 ஆப்-ஆம்ப்பையும் வெளியீட்டுக்கு ஏடி8675-ஐயும் போடுவது வழக்கம். காரணம் இருக்கிறது, மாற்றாதீர்கள்.

இரைச்சல் கணக்கு

டிஏசியும் வெளியீட்டு ஆப்-ஆம்ப்பும் சேர்ந்து ரூட் ஹெர்ட்ஸுக்கு 8 நானோவோல்ட் என்று வையுங்கள். 1 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஆர்சி (ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர்) ஃபில்டர். அதன் இரைச்சல் பட்டை 1.57 மடங்கு, 1570 ஹெர்ட்ஸ். அதன் வர்க்கமூலம் 39.6, பெருக்கினால் 0.32 மைக்ரோவோல்ட் ஆர்எம்எஸ் (வர்க்கச் சராசரியின் மூலம்). உச்சத்திலிருந்து உச்சத்துக்கு 6.6 மடங்கு, 2.1 மைக்ரோவோல்ட். நீளத்தில் 21 பிக்கோமீட்டர். அற்புதம்.

இப்போது அந்தப் பக்கம் இருக்கும் பீசோ ஆம்ப்ளிஃபயரின் டேட்டாஷீட்டை எடுங்கள். 150 வோல்ட் வெளியீட்டில் 1 மில்லிவோல்ட் ஆர்எம்எஸ் இரைச்சல் என்று இருந்தால் கெட்ட ஆம்ப்ளிஃபயர் என்று சொல்ல முடியாது. கெயின் 15, ஆக உள்ளீட்டில் 67 மைக்ரோவோல்ட்டுக்குச் சமம். 20 பிட்டின் 7 படிகள், 0.67 நானோமீட்டர். டிஏசியை நீங்கள் எவ்வளவு அமைதியாக்கினாலும் ஸ்டேஜுக்கு அது கேட்காது. அதனால் கணக்கை எப்போதும் மோட்டார் அல்லது பீசோ முனையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள்.

பீசோ விஷயத்தில் இதற்கும் எளிய வழி ஒன்று இருக்கிறது. பீசோவே ஒரு கெப்பாசிட்டர். 5 மைக்ரோஃபாரட் என்றால், ஆம்ப்ளிஃபயருக்கும் அதற்கும் நடுவே 100 ஓம் தொடராகப் போட்டால் 318 ஹெர்ட்ஸில் ஃபில்டர் தயார். மெதுவாக நகரும் ஸ்டேஜில் இரைச்சலின் பெரும்பகுதியை இது வெட்டிவிடும். ரெசிஸ்டரின் வாட்டேஜ் போதுமா, லூப்பில் எவ்வளவு ஃபேஸ் போகிறது (சிக்னல் எவ்வளவு பின்தங்குகிறது) என்பதை மட்டும் பாருங்கள். ஃபேஸ் என்பது சும்மா வருவதில்லை: 1 கிலோஹெர்ட்ஸ் ஆர்சி கூட 100 ஹெர்ட்ஸில் 5.7 டிகிரி பின்தங்க வைக்கும்.

ஃபில்டரில் போடும் கெப்பாசிட்டர் எக்ஸ்7ஆர் பீங்கானாக இருக்கக் கூடாது. அந்தப் பீங்கானும் ஒரு பீசோதான். இயந்திரம் அதிர்ந்தால் அது வோல்ட்டேஜ் கொடுக்கும். பலகையை விரல் நகத்தால் தட்டிவிட்டு ஆசிலோஸ்கோப்பைப் பாருங்கள், தெரியும். சி0ஜி வகைப் பீங்கான் அல்லது பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் போடுங்கள். கெயினைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டர்கள் ஒரே உறைக்குள் இருக்கும் தின் ஃபிலிம் நெட்வொர்க்காக இருந்தால் இரண்டும் சேர்ந்தே சூடாகும், விகிதம் மாறாது. மின்வழங்கலுக்கு ஸ்விட்சிங் சப்ளைக்குப் பின்னால் எல்டி3045, எல்டி3094 போன்ற குறைந்த இரைச்சல் ரெகுலேட்டர்கள். ஆப்-ஆம்ப்பின் சப்ளை நிராகரிப்பு (சப்ளை இரைச்சலை வெளியே விடாத திறன்) அதிர்வெண் ஏற ஏற இறங்கிவிடும் என்பதால் ஸ்விட்சிங் அலையை அதற்கு முன்பே கொன்றுவிட வேண்டும்.

கேபிளும் கிரவுண்டும்

என் அனுபவத்தில் பிட்கள் அதிகமாகத் தொலையும் இடம் இதுதான். டிஏசி பலகையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு சிக்னல் கம்பி, ஒரு கிரவுண்ட் கம்பி. அந்த கிரவுண்ட் கம்பியில் வேறு எதற்காகவோ 5 மில்லிஆம்பியர் திரும்பி ஓடுகிறது, கம்பியின் மின்தடை 0.1 ஓம். 500 மைக்ரோவோல்ட் விழுந்துவிட்டது. 20 பிட்டின் 52 படிகள், 5 நானோமீட்டர். சர்வோ டிரைவின் கரன்ட் ஏறி இறங்கும்போது இதுவும் ஏறி இறங்கும், அதனால் ஆஃப்செட் என்று கழிக்கவும் முடியாது.

பெறும் பக்கத்தில் வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் உள்ளீடு வேண்டும். பெரும்பாலான சர்வோ டிரைவ்களில் கட்டளைக்கு ப்ளஸ், மைனஸ் என இரண்டு முனைகள் இருக்கும். மைனஸை டிரைவிலேயே கிரவுண்டோடு கட்டிவிடாதீர்கள். அதிலிருந்து தனிக் கம்பி இழுத்து டிஏசியின் ரெஃபரன்ஸ் கிரவுண்டில் கொண்டுபோய்ச் சேருங்கள். முறுக்கிய ஜோடி, மேலே ஷீல்டு. ஷீல்டை அனுப்பும் பக்கத்தில் கட்டித் தொடங்குங்கள். இரைச்சலைப் பார்த்துவிட்டு மறுபக்கமும் கட்டலாமா என்று முடிவெடுக்கலாம். இப்படிப்பட்ட உள்ளீடு இல்லாத ஆம்ப்ளிஃபயருக்கு நீங்களே டிஃபரன்ஷியல் சர்க்யூட் கட்டினால் 1 சதவீத ரெசிஸ்டர் போடாதீர்கள். மோசமான நிலையில் நிராகரிப்பு 34 டெசிபெல்தான் கிடைக்கும், அதாவது கிரவுண்டில் இருக்கும் குப்பையில் ஐம்பதில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். ரெசிஸ்டர்களைப் பொருத்தித் தயாராக வரும் சிப்பை வாங்குங்கள்.

ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டில் 50 முதல் 100 ஓம் வரை தொடராக ஒரு ரெசிஸ்டர் இருக்கட்டும். கேபிள் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட். நீளமான கேபிளை நேராகக் கட்டினால் ஆப்-ஆம்ப் மெகாஹெர்ட்ஸில் ஆடத் தொடங்கும். மல்டிமீட்டரில் அது சில மில்லிவோல்ட் ஆஃப்செட்டாக மட்டும் தெரியும், ஆள் தேடிக்கொண்டே இருப்பார்.

டிஏசிக்கு எண்ணைக் கொண்டுவரும் எஸ்பிஐ கம்பிகளை டிஜிட்டல் ஐசொலேட்டர் வழியாகக் கொண்டுவாருங்கள். தேவையில்லாத நேரத்தில் கடிகாரம் ஓடக் கூடாது. முதலில் எண்ணை அனுப்பி முடித்துவிட்டு, கடிகாரம் நின்ற பிறகு, லூப்பின் டைமரிலிருந்து வரும் துடிப்பால் அதை வெளியீட்டுக்கு ஏற்றுங்கள். அமைதியும் கிடைக்கும், நேரம் தள்ளாடுவதும் நிற்கும்.

இணைப்பிகளில் வெவ்வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் வெப்ப வித்தியாசம் இருந்தால் அங்கே ஒரு தெர்மோகப்பிள் உருவாகிவிடும். செம்பும் ஈயப் பற்றும் டிகிரிக்குச் சில மைக்ரோவோல்ட். செம்பும் கோவார் உலோகக் கலவையும் 40 மைக்ரோவோல்ட். துருப்பிடித்த செம்பு ஆயிரம்வரை போகும். ஒரு மின்விசிறியின் காற்று இணைப்பியின் ஒரு பக்கம் பட்டாலே நொடிகளில் ஆடும் நகர்வு வரும். டிஏசி பகுதிக்கு மேலே ஒரு மூடி போடுங்கள். அழகுக்கு அல்ல, காற்றுக்கு.

நடு எண்ணில் நிற்காதீர்கள்

ரெசிஸ்டர் ஏணியால் ஆன ஆர்-2ஆர் டிஏசியில் எண் பாதியைக் கடக்கும்போது எல்லா பிட்களும் ஒரே நேரத்தில் புரளும். அந்தக் கணம் ஒரு கிளிட்ச் (தேவையில்லாத குட்டித் துடிப்பு) வெளியே வரும். 1 நானோவோல்ட்-செகண்ட் பரப்பு என்றால் 1 கிலோஹெர்ட்ஸ் ஆர்சிக்குப் பிறகு அதன் உச்சம் 6.3 மைக்ரோவோல்ட். ஃபில்டர் பரப்பை அழிக்காது, படுக்க வைக்கும், அவ்வளவுதான்.

±10 வோல்ட் அமைப்பில் லூப் ஓய்வாக நிற்கும் இடம் பூஜ்ய வோல்ட், அதாவது மிகச் சரியாக அந்த நடு எண். லூப் ஒரு படி மேலும் கீழும் தடவும்போதெல்லாம் கிளிட்ச். அதற்காக வெகுதூரம் தள்ளிப் போகவும் கூடாது, ஏனென்றால் ப்ளஸ் ரெஃபரன்ஸையே திருப்பி மைனஸ் ரெஃபரன்ஸ் செய்திருந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இரண்டின் இரைச்சலும் ஒன்றையொன்று அடித்துவிடும். மிக அமைதியான இடம் அதுதான். ஆம்ப்ளிஃபயரில் 50 அல்லது 100 மில்லிவோல்ட் ஆஃப்செட் வையுங்கள். அமைதியும் இருக்கும், புரளலும் இருக்காது.

அளந்து பார்ப்பது

ஆறரை இலக்க மல்டிமீட்டரில் 10 வோல்ட் வரம்பின் கடைசி இலக்கம் 10 மைக்ரோவோல்ட். 20 பிட்டின் ஒரு படியை விட அது கொஞ்சம் பெரியது. நேராக அளந்து எதையும் நிரூபிக்க முடியாது. இன்னொரு அமைதியான மூலத்திலிருந்து கிட்டத்தட்ட அதே வோல்ட்டேஜை எடுத்து எதிர்த்துக் கட்டி, மிச்சமிருக்கும் வித்தியாசத்தை ஆயிரம் மடங்கு பெருக்கிப் பாருங்கள். ஒரு படி 9.5 மில்லிவோல்ட்டாகத் தெரியும். பெருக்கியின் உள்ளீட்டைச் ஷார்ட் செய்து அதன் சொந்த இரைச்சலை முதலில் பதிவுசெய்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் சூடாக விடுங்கள்.

அப்புறம் கடைசிச் சோதனையை ஸ்டேஜிலேயே செய்ய வேண்டும். சென்சாரையோ இன்டர்ஃபெரோமீட்டரையோ வைத்துக்கொண்டு 1 நானோமீட்டர் படிகளாகப் பத்துப் படி ஏறி, பத்துப் படி இறங்குங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு நொடி நின்று. வரைபடத்தைப் பார்த்தாலே எங்கே கோளாறு என்று ஓரளவு சொல்லிவிடலாம். படிகள் தெளிவாக இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் தடித்துத் தெரிகிறது என்றால் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல். மின்வழங்கலின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலை ஏறியிருந்தால் கிரவுண்ட். படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று மாறினால் டிஏசியின் படி அளவில் உள்ள பிழை. அதே வரிசையை 100 மில்லிவோல்ட் தள்ளி ஓட்டிப் பாருங்கள், உயர வித்தியாசம் இடம் மாறினால் சந்தேகமே இல்லை. எல்லாப் படியும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நழுவினால் முதலில் டிஏசியைத் தொடாதீர்கள். கட்டளையை நிறுத்தி வைத்து, ஸ்டேஜுக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானியை ஒட்டிவிட்டு அரை மணி நேரம் இரண்டு கோடுகளையும் ஒன்றாக வரையுங்கள்.